பனி விழும் ஊரில் அச்சுக் கான்கிரீட்: நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் காற்றைக் கேளுங்கள்

அண்டர்பர்க்கிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். சாட்ஸ்வர்த்தில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, ஓய்வுக்காலத்தைத் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையடியில் கழிக்கலாம் என்று கணவரோடு அங்கே வீடு வாங்கிப் போனவர். "தம்பி, முற்றத்தைக் கூட்டினால் துடைப்பத்தோடு தரையும் சேர்ந்து வருகிறது" என்றார்.

போய்ப் பார்த்தேன். இரண்டே குளிர்காலம் கண்ட அச்சுக் கான்கிரீட் தளம்; அதாவது ஈரக் கான்கிரீட்டின் மேல் அச்சுப் பாயை அழுத்தி வடிவம் பதித்தது. கருங்கல் பாவியது போன்ற அருமையான அச்சு. ஆனால் மேல்தோல் வில்லை வில்லையாக உரிந்து, அடியில் இருந்த ஜல்லி வெளியே தெரிந்தது. கூரைத் தண்ணீர் விழும் மூலையிலும் வீட்டின் தெற்குப் பக்கத்திலும்தான் சேதம் அதிகம். வடக்கே, நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில், தளம் போட்ட அன்று இருந்தது போலவே இருந்தது.

அதைப் போட்டவர்கள் டர்பனிலிருந்து வந்த ஆட்கள். கைத்திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் அதே கலவையில் போட்ட தளங்கள் கடற்கரைப் பக்கத்தில் பல ஆண்டுகளாக நன்றாகவே உழைக்கின்றன. டர்பனில் தண்ணீர் உறைவதில்லை. அண்டர்பர்க்கில் உறைகிறது. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அந்த வேறுபாட்டை யாரும் அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்லவில்லை. நிறம் என்ன, அச்சு என்ன என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். நானும் முன்பு ஹாரிஸ்மித்தில் ஒரு வீட்டுக்குப் பனியை நினைக்காமல் ஒரு தவற்றைச் செய்து, அடுத்த ஆண்டு சொந்தச் செலவில் இடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கிறது. கான்கிரீட் பார்வைக்குப் பாறை. உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகள் தண்ணீர் குடித்து நிறைந்திருக்கும்போது இரவு உறைந்தால், பெருக்கும் நீருக்குப் போக இடமில்லை. மேல்தோலைப் பிளக்கிறது. பகலில் உருகிப் புதுப் பிளவுக்குள் இறங்குகிறது. மறுநாள் இரவு மீண்டும் உறைகிறது. நம் மலைப்பகுதியிலும் உயர்மேட்டு நிலத்திலும் ஜூலை மாதத்தில் விடியற்காலை சுழியத்துக்குக் கீழே, மதியம் சட்டை போதும் என்ற அளவு வெயில். ஒரே நாளுக்குள் உறைதலும் உருகுதலும் முடிந்துவிடுகிறது. கனடாவின் சில ஊர்களில் வாரக்கணக்கில் உறைந்தே கிடக்கும் தரையைவிட, தினமும் உறைந்து உருகும் தரைக்கு இந்த வகையில் வேலை அதிகம்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. ஃப்ரீ ஸ்டேட், ஜோகன்னஸ்பர்க், டிராக்கன்ஸ்பர்க் பக்கமெல்லாம் மழை கோடையில், குளிர்காலம் வறண்டது. காய்ந்த கான்கிரீட்டைப் பனி ஒன்றும் செய்யாது. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாமே கொண்டுவந்து ஊற்றுகிறோம். புல்வெளிக்கு வைத்த தெளிப்பான், ஒழுகும் தோட்டக்குழாய், தளத்தின் மேலேயே கொட்டும் கூரைக்குழாய், நீச்சல் குளத்தின் கரை. எப்போதாவது பெரிய பனிப்பொழிவு வந்தால் அது வேறு கதை. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டது நினைவிருக்கும். அந்தப் பனி மெல்ல உருகி, பகலெல்லாம் தளங்களுக்குள் இறங்கி, இரவில் மறுபடியும் உறைந்தது. சதர்லாண்ட், செரெஸ் பக்கம் நிலைமை இன்னும் கடினம். அங்கே குளிர்காலத்தில்தான் மழையும்.

ஆகவே குளிர் ஊரில் தளம் போட நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது காற்றைப் பற்றி. கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான காற்றுக்குமிழ்களை உண்டாக்கும் ஒரு சேர்மம் இருக்கிறது. உறையும் நீர் பெருக்கும்போது இந்தக் குமிழ்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது, அழுத்தம் ஏறுவதில்லை. இதைக் கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான். 1930களில் நியூயார்க் மாநிலத்துச் சாலைகளில் சில மட்டும் பனியைத் தாங்கி நின்றன. காரணம் தேடியபோது, அந்தச் சிமெண்டை அரைக்கையில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கப்பட்டதும், அது கலவையில் நுண்குமிழ்களை உண்டாக்கியதும் தெரியவந்தது.

கனடாவில் வீட்டு வாகனப் பாதைக்கான கான்கிரீட்டுக்குத் தர விதியே உண்டு: குறைந்தது 32 மெகாபாஸ்கல் வலிமை, தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள எடை விகிதம் அதிகபட்சம் 0.45, வழக்கமான 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு 5 முதல் 8 விழுக்காடு காற்று. குளிர் ஊர்களில் நான் இந்த எண்களையே பின்பற்றுகிறேன். நான் பார்த்தவரை, இங்கே கேட்காமல் யாரும் காற்றுக் கலவை தருவதில்லை. ரெடிமிக்ஸ் நிறுவனத்திடம் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். வண்டி வந்ததும் டெலிவரி சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "காற்று சேர்த்தால் வலிமை குறையுமே" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அது உண்மை. ஒவ்வொரு விழுக்காடு காற்றுக்கும் ஏறத்தாழ 5 விழுக்காடு வலிமை குறையும். அதற்காகத்தான் தண்ணீரைக் குறைத்து, சிமெண்டைக் கூட்டி, கலவையை அதற்கேற்ப வடிவமைக்கிறார்கள். காற்றே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

அடுத்தது தளத்தில் தெளிக்கும் தண்ணீர். என் ஹாரிஸ்மித் தவறு இதுதான். ஆகஸ்ட் மாதம், உயர்மேட்டு நிலத்தின் வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தது. அச்சுப் பாயை வைத்து அழுத்துவதற்குள் மேற்பரப்பு காய்ந்து இறுகத் தொடங்கியது. ஆட்கள் வாளியில் தண்ணீர் எடுத்து, தூரிகையால் தெளித்து, கரணையால் தேய்த்து, பிறகு அச்சு வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடியில் நல்ல கான்கிரீட். மேலே மூன்று மில்லிமீட்டருக்குத் தண்ணீர் கலந்த கஞ்சிப் பூச்சு. அந்தக் கஞ்சித்தோல்தான் அடுத்த ஜூலையில் உரிந்தது. கலவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பனி தாக்கும் இடம் மேல் மூன்று மில்லிமீட்டர். இன்று என் வேலையில் தண்ணீர் வாளிக்கு அனுமதி இல்லை. காற்று அடித்தால் மறைப்புத் துணி கட்டுவோம், நீர் ஆவியாவதைத் தடுக்கும் திரவத்தைத் தெளிப்போம், அல்லது அன்று வேலையைத் தள்ளிவைப்போம்.

நிறத்திலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. மேலே தூவும் வண்ணப்பொடி, ஈரக் கான்கிரீட்டின் மேல் கசிந்து வரும் நீரை உறிஞ்சித்தான் தளத்தோடு சேர வேண்டும். காற்றுக் கலவையில் அந்தக் கசிவு குறைவு. பொடி சரியாக நனையாதபோது கை தானாக வாளியைத் தேடும். அதனால் குளிர் ஊரில் நிறத்தைக் கலவையிலேயே சேர்க்கச் சொல்கிறேன். நிறம் சற்று மென்மையாக வரும், செலவும் கூடும். ஆனால் எங்காவது சிறிது உடைந்தாலும் உள்ளேயும் அதே நிறம்.

அண்டர்பர்க் அம்மா புதுத் தளத்தின் வாசற்படியில் கோலம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். மழையிலும் வெயிலிலும் அழியாத கோலம். ரப்பர் அச்சு செய்து கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அச்சின் பள்ளம் ஆழமானால் அதில் தண்ணீர் நிற்கும். நிற்கும் தண்ணீர் ஊறும், ஊறியது உறையும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம் என்று சொல்லி, சிக்குக் கோலத்தின் வளையங்களில் நீர் தங்காதபடி படிக்கு வாட்டம் கொடுத்தோம். முற்றத்துக்கும் அப்படியே. வீட்டிலிருந்து வெளியே ஒரு மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் சரிவு இருக்க வேண்டும். அச்சின் நீண்ட கோடுகள் அந்தச் சரிவின் திசையிலேயே ஓட வேண்டும். கோடுகள் குறுக்கே ஓடினால் ஒவ்வொன்றும் ஒரு சிறு வாய்க்கால், ஒரு சிறு அணை.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்குக் குளிர்காலச் சூரியன் வடக்கில் நடக்கிறது. வீட்டின் தெற்குப் பக்கம் நிழலில் கிடக்கும். அங்கே உறைபனி மதியம் வரை கரையாது. முதியவர்கள் நடக்கும் வழியைத் தெற்கில் அமைக்காதீர்கள். அமைத்தே தீர வேண்டுமென்றால் பளபளப்பான சீலரை (தரையைக் காக்கப் பூசும் திரவத்தை) அங்கே பூச விடாதீர்கள். பனி படிந்த பளபளப்புத் தரையில் விழுந்து இடுப்பு உடைந்தவர்களை நான் அறிவேன்.

விளம்பரப் படங்களில் நனைந்தது போல மின்னுமே, அது தோல்போல் மேலே படியும் அக்ரிலிக் சீலர். கெட்டியாகப் பூசினால் அடியிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியின்றி வெளுத்துப்போகும். பனிக்காலத்தில் தோலோடு கான்கிரீட்டையும் இழுத்துக்கொண்டு வரும். நம் உயர்மேட்டு நிலத்தில் புற ஊதாக் கதிர்களும் கடுமை. சீலர் சீக்கிரம் மங்கும். நான் பரிந்துரைப்பது உள்ளே ஊறிப்போகும் சிலேன், சிலாக்சேன் வகை. தண்ணீரை உள்ளே விடாது, ஆவியை வெளியே விடும். மின்னாது. மின்னல் வேண்டும் என்பவர்களிடம் வெயில் படும் வடக்கு முற்றத்தில் மட்டும், மணல் போன்ற துகள் கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசலாம் என்பேன்; இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

காலம் முக்கியம். மார்ச், ஏப்ரலே சிறந்தது. கோடையின் மாலை இடிமழை ஓய்ந்திருக்கும். முதல் உறைபனிக்கு முன் தளம் நன்றாக இறுகி, குடித்த நீரை விட்டுக் காய நேரம் கிடைக்கும். ஏழு நாள் நீராற்ற வேண்டும். ஜூனில் போட்டால்தான் ஆயிற்று என்று அவசரப்படுத்தும் ஒப்பந்தக்காரரை நான் நம்பமாட்டேன். மற்றபடி தடிமன் நடைக்கு 100 மில்லிமீட்டர், வண்டி ஏறினால் 125. தளம் கண்ட இடத்தில் வெடிக்காதிருக்க மூன்று மீட்டருக்குள் ஒரு பிரிப்பு வெட்டு, தடிமனில் கால்பங்கு ஆழம்.

அச்சுக் கான்கிரீட் எல்லா இடத்துக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. ஃப்ரீ ஸ்டேட்டின் கரிசல் களிமண் மழையில் ஊதி, வறட்சியில் சுருங்கும். அதன் மேல் ஒரே பாளமாகப் போட்ட தளம் வெடிக்கும். வெடித்தால் ஒட்டு மறைக்க முடியாது, நிறம் பொருந்தவே பொருந்தாது. அங்கே வண்டிப்பாதைக்குப் பிணைகல் பாவுங்கள் என்று சொல்லி, வேலையை மற்றவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு கல் போனால் ஒரு கல்லை மாற்றலாம். பழைய தளத்தின் மேல் ஒரு விரல்கடைத் தடிமனில் அச்சுப்பூச்சு போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடமும் குளிர் ஊர்க்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே தண்ணீர் புகுந்தால் ஒரே குளிர்காலத்தில் பூச்சு அப்பளம்போல் எழும்பும்.

ஏற்கெனவே தளம் போட்டுவிட்டவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வறண்ட ஒரு நாளில் தளத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாக நின்றால் நல்லது. உடனே கறுத்து உள்ளே இறங்கினால் மே மாதத்துக்குள், நன்றாகக் காய்ந்த பிறகு, ஊறும் வகைச் சீலரைப் பூசுங்கள். மேலே அக்ரிலிக் தோல் மிச்சமிருந்தால் அதை முதலில் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஊறும் வகை உள்ளே இறங்காது. கூரைக்குழாயைத் தளத்தைத் தாண்டி நீட்டுங்கள். தெளிப்பானைத் தோட்டத்துப் பக்கம் திருப்புங்கள். உப்புநீர்க் குளம் வைத்திருப்பவர்கள் கரையை நல்ல நீரால் கழுவிவிடுங்கள்; உப்பு, பனியின் வேலையை இரட்டிப்பாக்கும். புல்லுக்கு லான் (LAN, சுண்ணாம்புக்கல் கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரம் தூவினால், தளத்தில் சிதறிய மணிகளை அன்றே பெருக்கித் தள்ளுங்கள். அதிலுள்ள அம்மோனியம் நைட்ரேட் கான்கிரீட்டையே அரிக்கும். பனி விழுந்தால் மரப்பலகையால் தள்ளுங்கள், உப்புப் போடாதீர்கள். வழுக்கும் இடத்தில் ஆற்றுமணல் தூவினால் போதும்.