நீலமாக ஒளிர்ந்தால் போதுமா? கார்பன் டாட்ஸ் செய்யும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

எலுமிச்சைச் சாறு, துளசி இலை, வெல்லம் என எதையாவது சூடாக்கி "ஒளிரும் நானோ புள்ளிகள்", அதாவது கார்பன் டாட்ஸ், செய்து, அவற்றால் தண்ணீரில் பாதரசத்தையோ இரும்பையோ கண்டுபிடிப்பது இன்று நம் கல்லூரிகளில் பரவலான ப்ராஜெக்ட். ஒளிர்வு அளக்கும் கருவிதான் என் அன்றாட வேலை என்பதால் இந்தக் குப்பிகள் நிறைய என்னிடம் வருகின்றன. பலவற்றில் ஒரே குறை: சுத்தம் செய்யாமலே அளக்கக் கொண்டுவருகிறார்கள்.

கார்பன் டாட்ஸ் பொதுவாக 10 நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் துகள்கள். 2004இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாய்களைச் சுத்திகரிக்கும்போது, கூடவே பிரிந்து வந்த ஒளிரும் கழிவாகத்தான் இவை முதலில் கண்ணில் பட்டன. காட்மியம் சேர்ந்த குவாண்டம் டாட்ஸில் (ஒளிரும் குறைக்கடத்தி நானோ துகள்கள்) உள்ள கன உலோக நச்சு இவற்றில் இல்லை, தண்ணீரில் கரையும், செலவும் குறைவு. இந்தத் துறைமேல் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் தண்ணீரில் கரைத்து, டெஃப்ளான் உறை போட்ட ஆட்டோகிளேவில் (இறுக மூடிய அழுத்தக் கலம்) 200 டிகிரியில் 5 மணி நேரம் வைத்தால் பழுப்புக் கரைசல் கிடைக்கும். 365 நானோமீட்டர் யுவி டார்ச் அடித்தால் பளீரென்ற நீலம். சரி, ஆனால் ஒளிர்வது எது? அதே கரைசலை 1,000 டால்டன் டயாலிசிஸ் பையில் (சுமார் அந்த எடைக்குக் குறைந்த மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) ஊற்றி, பீக்கரில் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். சில மணி நேரம் கழித்து வெளித் தண்ணீரில் டார்ச் அடித்துப் பாருங்கள். அதுவும் நீலமாக ஒளிரும். பையின் துளை வழியே நழுவி வந்தவை சிறு மூலக்கூறுகள். இந்தக் கலவையில் ஐபிசிஏ என்ற ஒளிரும் மூலக்கூறு உருவாகிறது என்று 2015லேயே காட்டிவிட்டார்கள். வெளித் தண்ணீரின் ஒளி மங்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு நாள் கணக்கில் ஆகலாம். கடைசியில் பைக்குள் மிஞ்சும் ஒளிர்வு பாதியாகக் குறைந்திருந்தாலும் கவலைப்படாதீர்கள். உங்கள் டாட்ஸைப் பற்றி நீங்கள் பேச வேண்டியது அந்த மிச்சத்தை வைத்துத்தான்.

அடுத்தது ஃபெரிக் அயனி, அதாவது தண்ணீரில் கரைந்த இரும்பின் ஒரு வடிவம் (Fe³⁺). இரும்பு சேர்த்ததும் ஒளி குறைகிறது, உடனே "சென்சார் தயார்" என்று எழுதிவிடுகிறோம். ஃபெரிக் அயனி 300 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத் தானே உறிஞ்சும். டார்ச் முன்னால் துணி கட்டியதுபோல, டாட்ஸுக்குப் போக வேண்டிய ஒளியே குறைந்துபோகிறது. துகளோடு இரும்பு சேர்ந்ததா இல்லையா என்பது அந்த ரீடிங்கில் தெரியாது. உறிஞ்சல் அளவை எடுத்துத் திருத்தம் செய்யுங்கள். ஒளிர்வின் ஆயுட்காலத்தையும், அதாவது தூண்டும் ஒளி நின்றபின் ஒளிர்வு எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்பதையும், அளந்து பாருங்கள். ஃபெரிக் குளோரைடு கரைசல் அமிலத்தன்மை உடையது என்பதையும் மறக்க வேண்டாம். இரும்பே இல்லாமல், அதே பிஎச் வரும் அளவுக்கு அமிலம் மட்டும் விட்ட ஒரு பிளாங்க் (ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசல்) கண்டிப்பாக வேண்டும்.

குளத்து நீர், கிணற்று நீர் சாம்பிள் என்றால் இன்னொன்று. இலைதழை மக்கிய நீர் யுவி ஒளியில் தானே நீலமாக ஒளிரும். டாட்ஸ் சேர்க்காத அந்த நீரை முதலில் அளந்துவிடுங்கள்.

செல் படங்களிலும் இதே கதைதான். செல்லுக்குள் இயல்பாகவே இருக்கும் என்ஏடிஎச், ஃபிளேவின் போன்ற மூலக்கூறுகள் நீலத்திலும் பச்சையிலும் ஒளிர்பவை. டாட்ஸ் கொடுக்காத செல்லை அதே லேசர், அதே எக்ஸ்போஷரில் எடுத்த படம் பக்கத்தில் இல்லையென்றால் நான் அந்தப் படத்தை ஏற்பதில்லை. நீல ஒளி திசுவுக்குள் ஆழமாகப் போகாது; உடலுக்குள் பார்க்கச் சிவப்பு அல்லது அகச்சிவப்புக்கு அருகில் ஒளிரும் டாட்ஸ் வேண்டும். அப்புறம், 24 மணி நேரம் செல்கள் சாகவில்லை என்பதை வைத்து "மனிதருக்குப் பாதுகாப்பானது" என்று எழுதாதீர்கள். அந்தத் துகள் கல்லீரலில் தங்குமா, சிறுநீரில் வெளியேறுமா என்று அந்தச் சோதனை சொல்லாது.