ப்ளக்-இன் ஹைப்ரிட் காரின் சான்றிதழில் வரும் எரிபொருள் அளவு: ஐரோப்பிய விதிகள் சொல்வதும் வாங்குபவர் பார்க்க வேண்டியதும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வைக்கப்படும் ஒவ்வொரு புதிய காரின் எரிபொருள் செலவும் கரியமில வாயு வெளியீடும் வாங்குபவரின் கண்ணில் படும்படி அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. எஞ்சினோடு மோட்டாரும், வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் பேட்டரியும் கொண்ட ப்ளக்-இன் ஹைப்ரிட் காரின் அட்டையில் நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்பது போன்ற மிகச் சிறிய எண்களைக் காணலாம். அவை முறையான சோதனையில் வந்தவைதான் என்றாலும், அந்தக் காரை வாங்குபவர் எவ்வளவு அடிக்கடி சார்ஜ் செய்வார் என்று விதி செய்துகொண்ட ஊகம் அவற்றில் கலந்திருக்கிறது. அன்றாடப் பயணத்துக்கு முழு மின்காரா, ப்ளக்-இன் ஹைப்ரிட்டா என்று யோசிப்பவர் இந்த ஊகத்தை முதலில் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும்.

2017 செப்டம்பரில் புதிய மாடல்களுக்கும், 2018 செப்டம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறைதான் இந்த எண்களுக்கு அடிப்படை. ஆய்வுக்கூட உருளைகளின் மேல் 30 நிமிடங்களில் ஏறத்தாழ 23 கிலோமீட்டர் ஓட்டி அளவெடுக்கிறார்கள். ப்ளக்-இன் ஹைப்ரிட் காரை இருமுறை அளக்க வேண்டியிருக்கிறது: முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரி தீரும் வரை ஓட்டி ஒருமுறை, பேட்டரி தீர்ந்த நிலையில் எஞ்சினை நம்பி ஓட்டி மறுமுறை. இரண்டு விடைகளையும் ஒன்றாக்குவதற்குப் பயன்பாட்டுக் காரணி என்ற விகிதத்தைச் சட்டம் வகுத்திருக்கிறது. மொத்தத் தூரத்தில் எத்தனை விழுக்காடு மின்சாரத்தில் ஓடும் என்ற மதிப்பீடே அது; மின் தூரம் கூடிய காருக்கு இந்த விழுக்காடும் கூடுதலாகக் கிடைக்கும்.

இந்த மதிப்பீடு நெடுநாள் மிகத் தாராளமாக இருந்தது. மின்சாரத்தில் 60 கிலோமீட்டர் ஓடக்கூடிய கார், தன் வாழ்நாள் ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கை மின்சாரத்திலேயே ஓடிவிடும் என்று பழைய விதி எடுத்துக்கொண்டது. 2021 முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் உண்மையான எரிபொருள் செலவைப் பதிவு செய்யும் கருவி கட்டாயமானது. அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலையில் ஓடும் ப்ளக்-இன் ஹைப்ரிட் கார்களின் வெளியீடு சான்றிதழில் உள்ள அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 20 விழுக்காடுதான். அளவெடுத்த முறையில் தவறில்லை. ஊகித்த அளவுக்கு மக்கள் சார்ஜ் செய்யவில்லை என்பதே இதன் முதன்மைக் காரணம்.

அதனால் விதி இரண்டு படிகளாக இறுக்கப்பட்டிருக்கிறது. யூரோ 6இ-பிஸ் எனப்படும் திருத்தம் 2025 தொடக்கத்தில் புதிய மாடல்களுக்கும் 2026 தொடக்கத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் பொருந்துகிறது. அதன்படி, மேலே சொன்ன 60 கிலோமீட்டர் காரின் மின்சாரப் பங்கு ஏறத்தாழ 54 விழுக்காடாகிறது. 2027இலும் 2028இலும் அடுத்த படி நடைமுறைக்கு வரும்போது அது 34 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். ஆகவே ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே பேட்டரியாக இருந்தும், சான்றளிக்கப்பட்ட ஆண்டைப் பொறுத்து அட்டையில் உள்ள எண் மாறும். வெவ்வேறு ஆண்டுகளில் சான்று பெற்ற இரு ஹைப்ரிட் கார்களை இந்த எண்ணைக் கொண்டு ஒப்பிடுவது பயனற்றது.

வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டிய எண் வேறொன்று இருக்கிறது: பேட்டரி தீர்ந்த நிலையில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது. ஜெர்மனி 2024இல் தன் விதியைத் திருத்தி, இந்த அளவையும் அதற்குரிய கரியமில வாயு வகுப்பையும் தனியே காட்ட வேண்டும் என்று ஆக்கியது; மற்ற நாடுகளும் இதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது கையில் இருந்தால் தம் பங்கைத் தாமே கணக்கிடலாம். வேலை நாள் ஐந்தும் தினம் 40 கிலோமீட்டர், வார இறுதியில் ஒருநாள் 160 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தில் 60 கிலோமீட்டர் ஓடும் காரை இரவுதோறும் சார்ஜ் செய்தால், வாரத்தின் 360 கிலோமீட்டரில் 260 மின்சாரத்தில் ஓடும். எஞ்சினுக்கு 100 மட்டுமே மிஞ்சும். குளிர்காலத்தில் மின் தூரம் 40 ஆகச் சுருங்கி, வாரத்தில் இரண்டு இரவு சார்ஜ் செய்யவும் தவறினால், எஞ்சின் ஓட வேண்டிய தூரம் 200 ஆகிவிடும். எஞ்சினோடு மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்துச் சுமப்பதால், பேட்டரி தீர்ந்தபின் இந்தக் கார் சிக்கனமானதாகவும் இருப்பதில்லை. இரவில் நிறுத்தும் இடத்தில் மின் இணைப்பு இல்லாதவர் ப்ளக்-இன் ஹைப்ரிட் வாங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

முழு மின்காரின் எண்ணில் இப்படிப்பட்ட ஊகம் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட் என்று அட்டை சொல்வதில், சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரமும் அடங்கியிருக்கிறது. ஆனால் சோதனை 23 டிகிரி வெப்பநிலையில், ஏசியும் ஹீட்டரும் அணைந்திருக்க நடக்கிறது. கடுங்குளிரிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் தூரம் குறையும் என்று கணக்கிட்டே வாங்க வேண்டும். வீட்டில் வேகமான சார்ஜர் இல்லையே என்ற கவலைக்கு அவ்வளவு இடமில்லை: 40 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 யூனிட் போதும், அதை 2.3 கிலோவாட் தரும் சாதாரணப் பிளக்கே நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றிவிடும்.

நெடும்பயணத்துக்கு வேறொரு விதி துணை நிற்கிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மாற்று எரிபொருள் கட்டமைப்பு ஒழுங்குமுறை, முதன்மை நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு வேகச் சார்ஜிங் நிலையத்தை 2025 முடிவுக்குள் அமைக்கும் பொறுப்பை உறுப்பு நாடுகளுக்கு அளித்தது. அந்த விதி நடைமுறைக்கு வந்தபின் அமைக்கப்பட்ட 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்களில், உறுப்பினராகச் சேராமல் வங்கி அட்டையிலேயே பணம் செலுத்தவும், யூனிட் கணக்கிலேயே விலையை அறியவும் ஓட்டுநருக்கு உரிமை உண்டு. இந்தச் சார்ஜர்களால் ஹைப்ரிட்காரர்கள் பலருக்குப் பயனில்லை, ஏனெனில் அவ்வகைக் கார்கள் பலவற்றில் வேகச் சார்ஜ் வசதியே கிடையாது.

பேட்டரியின் ஆயுளுக்கும் இனிச் சட்டக் காப்பு வருகிறது. 2026 நவம்பர் 29 முதல் புதிய மாடல்களுக்கும் ஓராண்டு கழித்து எல்லாப் புதிய கார்களுக்கும் பொருந்தும் யூரோ 7 விதியின்படி, ஐந்து ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை பேட்டரி 80 விழுக்காட்டுத் திறனையும், எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 72 விழுக்காட்டையும் தக்கவைத்திருக்க வேண்டும். இது மின்கார், ப்ளக்-இன் ஹைப்ரிட் இரண்டுக்கும் பொதுவானது.

பழைய ப்ளக்-இன் ஹைப்ரிட் வாங்குபவருக்கு முன்னர் சொன்ன பதிவுக் கருவி பெரிதும் உதவும். வாழ்நாளில் கார் ஓடிய மொத்தத் தூரம், அதில் எஞ்சின் அணைந்து ஓடிய தூரம், வெளியிலிருந்து பேட்டரிக்கு ஏறிய மின்சாரம் ஆகியவை அதில் சேமிக்கப்பட்டுள்ளன. விலை பேசும் முன்பே பணிமனையில் அதைப் படித்துக் காட்டச் சொல்லலாம். இந்தத் தகவலை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் காரின் உரிமையாளருக்கு உண்டு.