வெளியில் ஃபிட்டிங் செய்த காருக்கு வாரண்டி மறுத்தால் என்ன செய்யலாம்?

காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியிருக்கிறீர்கள். ஒரு வருடத்தில் ஏசி கம்ப்ரஸர் போய்விடுகிறது. "வெளி ஃபிட்டிங் இருக்கு சார், வாரண்டி வராது" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்டீரியோவுக்கும் கம்ப்ரஸருக்கும் என்ன சம்பந்தம்? அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

முதலில் வாரண்டி புத்தகத்தை எடுங்கள். விலக்கு விதியில் 'மாற்றம் செய்ததால் வந்த பழுது' என்று இருக்கிறதா, 'மாற்றம் செய்த வண்டி' என்றே இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகை என்றால், மாற்றம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டும் பொறுப்பு மறுப்பவருக்கு என்று வாதிடலாம். இரண்டாம் வகை கொஞ்சம் சிக்கல். விதியே நியாயமற்றது என்று சொல்லி வழக்குப் போட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது 'நியாயமற்ற ஒப்பந்தம்' ஆகிவிடும். அதை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே முடிந்தவரை பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையிலேயே புகாரை எழுதுவது நல்லது.

யூடியூபில் பலர் சொல்லும் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் அமெரிக்காவுடையது. இங்கே அதைச் சொன்னால் எடுபடாது. இங்கே துணைக்கு வருவது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்கள் மீது பிறப்பித்த உத்தரவு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுவதும் ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது ஆணையம். அது ரிப்பேர் பற்றிய உத்தரவு, மேல்முறையீடுகளுக்கும் போனது. எனவே அதையே முழுதாக நம்பாமல், கூடுதல் வாதமாக மட்டும் வையுங்கள்.

நிறுவனம் சொல்வது சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போட்டவர்களைப் பாருங்கள். ஹைபீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போன வயரில் இப்போது கிட்டத்தட்ட 17 ஆம்பியர் ஓடும். தனி ரிலே இல்லை என்றால் ஹோல்டரும் சுவிட்ச் கனெக்டரும் உருகும். உருகிய பிளாஸ்டிக்கே நிறுவனத்தின் சாட்சி. வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் மின்சாரப் பழுது எதிலும் உங்கள் வாதம் பலவீனம். வயரை வெட்டாமல் கப்ளரில் (கம்பெனி பிளக்கில்) மாட்டும் செட் என்றால் தைரியமாகப் பேசலாம். ஈசியூ ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்து டர்போ போனால் வெல்வது கடினம். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் பல வண்டிகளில் எத்தனை முறை ஃப்ளாஷ் செய்தார்கள் என்ற தடம் இருக்கும். மாற்றத்தை மறைத்துப் பிடிபட்டால் நியாயமான மற்ற கோரிக்கையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சிஎன்ஜி கிட் போட்டு ஆர்சியில் ஏற்றாமல் விட்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் எடுத்து நீட்டுவார்கள்.

சர்வீஸ் சென்டரில் வாங்க வேண்டியவை: உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் எழுதிய ஜாப் கார்டு, ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடுகளின் பிரின்ட், கிலோமீட்டர் அளவு, மறுப்புக்கான விதி எண், எந்த மாற்றம் எப்படிப் பழுதாக்கியது என்ற டெக்னிக்கல் ரிப்போர்ட். வாயால் சொன்னால், அன்றே "நீங்கள் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று டீலருக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே மெயில் போடுங்கள். கழற்றும் முன் பார்ட்டை போட்டோ எடுங்கள். காசு கட்டி மாற்ற வேண்டிய நிலை வந்தால், 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பழைய பார்ட்டைக் கையோடு வாங்கி வாருங்கள். அதை ஸ்கிராப்பில் விட்டவர்கள் பலர் அங்கேயே வழக்கைத் தொலைத்திருக்கிறார்கள்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார். நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குப் போவதால் சில இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நேரிலோ இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ, மனு போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. டீலரையும் தயாரிப்பாளரையும் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் இருப்பவர் அவர் மேல் கைகாட்டுவார்.

மனுக் கட்டணம் ரிப்பேர் தொகையை வைத்து அல்ல, காருக்குக் கொடுத்த விலையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. அதற்கு மேல் என்றால் மாநில ஆணையம். கால வரம்பு 2 ஆண்டு. மெயில் போட்டுக்கொண்டே இருந்தால் அது நீளாது. கம்பெனி பெயரில் வாங்கிய வண்டி என்றால் 'வணிக நோக்கம்' என்ற ஆட்சேபம் வரும். தானே ஓட்டிப் பிழைக்கும் டாக்சிக்காரருக்கு அதில் விலக்கு உண்டு.

தயாரிப்புக் குறைபாடு என்று சொல்லிவிட்டு நிபுணர் அறிக்கை இல்லாமல் நின்றால் தோற்பீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38ஆம் பிரிவின்படி பார்ட்டை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி மனுவோடே கேளுங்கள். ஆய்வுக் கட்டணத்தை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும், அறிக்கைக்கு 45 நாள். சட்டம் சொல்லும் கெடு சாதாரணமாக 3 மாதம், பரிசோதனை இருந்தால் 5 மாதம், நடைமுறையில் இழுக்கும். தீர்ப்பு பாதகமானால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை அந்தப் பழைய பார்ட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.