படம் சுத்தம், உலையில் விரிசல்

மறுபடியும் அதே கதை. தடித்த அழுத்தக் கலன், நாசில் (கலனில் குழாய் பொருத்தும் வாய்) வெல்டிங், ரேடியோகிராபி (உள்ளே ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே போன்ற) படத்தில் ஒரு குறையும் இல்லை. உலையிலிருந்து வெளியே வந்தபோது டோ ஓரத்தில், அதாவது வெல்டிங் தகட்டைத் தொடும் விளிம்பில், மயிரிழை விரிசல். உடனே, "நல்லாத்தானே அனுப்பினோம், உலைக்காரர் ஏதோ பண்ணிட்டார்!"

ஸ்ட்ரெஸ் ரிலீவ் (வெல்டிங்குக்குப் பின் உலையில் சூடேற்றி எஞ்சிய இறுக்கத்தைத் தணிப்பது) என்றால் வெல்டிங்குக்கு வைத்தியம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. எஞ்சிய இறுக்கம் ஆவியாகிப் போவதில்லை. சூட்டில் உலோகம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தால்தான் அது இறங்கும். எது நெகிழவேண்டும்? உருகுகோட்டை (வெல்டிங்கில் உருகிய உலோகமும் உருகாத தகடும் சந்திக்கும் கோடு) ஒட்டிய, பரல் (உலோகத்தின் நுண்படிகம்) பெருத்துப்போன பட்டை. குரோமியம், மாலிப்டினம், வனேடியம் கலந்த எஃகில் அதே சூட்டில் பரலுக்குள் கார்பைடுகள் (கார்பன் சேர்ந்த கடினமான நுண்துகள்கள்) படிந்து உட்புறம் விறைத்துக்கொள்கிறது. நெகிழும் பாரமெல்லாம் பரல் எல்லைகள்மேல் விழுகிறது. பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்டிமனி அங்கே சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பிளந்தது உலையில்தான். பிளக்கும்படி விட்டது நாம்.

தகட்டின் சான்றிதழைப் படியுங்கள், கோப்பில் வைத்து மூடாதீர்கள். குரோமியம் + 3.3 மாலிப்டினம் + 8.1 வனேடியம் − 2, எல்லாம் சதவீதத்தில். விடை பூஜ்ஜியத்துக்கு மேலே போனால் உஷார். (பழைய, முரட்டுக் கணக்கு. கீழே வந்தால் பயமில்லை என்று அர்த்தமில்லை.)

வேலை முடியட்டும் என்று பருமனான பாஸ் (ஒருமுறை ஓட்டிப் போடும் வெல்டிங் வரி) போடாதீர்கள். சிறிய பாஸ்கள், ஒவ்வொன்றும் முந்தையதன் பரலைச் சீராக்கும்படி. அண்டர்கட்டை (வெல்டிங் ஓரத்தில் தகடு அரிக்கப்பட்டு விழும் பள்ளம்), டோவின் கூர்மையைக் கிரைண்டிங் செய்து வழவழப்பாக்குங்கள், உலைக்குப் போவதற்கு முன்னால். பின்னால் தேய்த்தால் விரிசலைத்தான் தேய்ப்பீர்கள்.

"எப்படியும் உலைக்குப் போகுது, பிரீஹீட் எதுக்கு?" என்று வெல்டிங்குக்கு முன்னால் தகட்டைச் சூடேற்றாமல் விடுபவர்களுக்குத் தனியே ஒரு திட்டு. வெல்டிங்கில் புகுந்த ஹைட்ரஜனால் வரும் விரிசல் உலைவரை காத்திருக்காது. வெல்டிங் ஆறிய இரவிலேயே வந்துவிடலாம். உடனே உலை கிடைக்காவிட்டால் பிரீஹீட் சூட்டை இறக்காதீர்கள். அல்லது 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றி இரண்டு மணி நேரமாவது வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: உலைக்குப் பிறகு இன்னொரு முறை சோதியுங்கள், காந்தத்துகள் சோதனையும் அல்ட்ராசோனிக்கும். உலைக்கு முன் எடுத்த படத்தை என்னிடம் நீட்டாதீர்கள். விரிசல் தெரிந்தால் மேலே ஒரு பாஸ் போட்டு மூடாமல், முழுக்கத் தோண்டி எடுத்து, போய்விட்டதா என்று சோதித்து, சின்ன பாஸ்களாக நிரப்பி, திரும்பவும் உலைக்கு அனுப்புங்கள். வெளியே வந்ததும் மறுபடி சோதனை, ஆமாம், மறுபடி.