மாநிலம் சேராவிட்டாலும் உங்களுக்கு 1,700 டாலர் உண்டு, உங்கள் ஊர்ப் பிள்ளைக்குத்தான் இல்லை

அமெரிக்காவில் 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்துக்குள் பள்ளி உதவித்தொகை பற்றி ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது, வருமான வரிச் சட்டத்தில் அதன் எண் 25எஃப். அங்கே வரி கட்டுகிற நம்மவர்கள் பலருக்கும் இது இன்னும் சரியாகப் புரியவில்லை. குறிப்பாக, மாநிலம் சேருவது, சேராமல் இருப்பது என்கிறார்களே, அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற இடத்தில்தான் குழப்பம்.

முதலில் கணக்கு. 2027 ஜனவரி 1 முதல், தகுதியுள்ள ஓர் உதவித்தொகை அமைப்புக்கு (நன்கொடை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் தொண்டு நிறுவனம்) நீங்கள் 1,700 டாலர் ரொக்கமாகக் கொடுத்தால் உங்கள் ஃபெடரல் (மத்திய அரசு) வரியில் 1,700 டாலர் அப்படியே குறையும். இந்தியாவில் 80ஜி ரசீது வாங்கிப் பழகியவர்கள் இதை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 80ஜியில் நன்கொடை வருமானத்திலிருந்துதான் கழியும், அதனால் வரியில் மிச்சமாவது ஒரு பங்குதான். அமெரிக்காவிலும் சாதாரண நன்கொடை அப்படித்தான்: 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 1,700 டாலர் கொடுத்து அதை முழுக்கக் கழித்தாலும் வரியில் மிச்சம் 374 டாலர். இந்தப் புது கிரெடிட்டில் (வருமானத்தில் இல்லாமல் வரியிலேயே நேராகக் கழிக்கும் சலுகை) முழுத் தொகையும் திரும்புகிறது, அதாவது கொடுப்பவர் கைக்காசு எதுவும் போகவில்லை. நன்கொடை என்று பெயர், ஆனால் உண்மையில் உங்கள் வரிப்பணத்தில் 1,700 டாலர் எங்கே போகவேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள், அவ்வளவுதான். மசோதாவின் முந்தைய வடிவங்களில் நாடு முழுவதற்கும் மொத்த வரம்பு ஒன்று இருந்தது, இறுதிச் சட்டத்தில் அது இல்லை.

அடுத்தது மாநிலம். ஒவ்வொரு மாநில ஆளுநரும் (நம் ஊர் ஆளுநர் மாதிரி நியமனப் பதவி இல்லை, தேர்தலில் ஜெயித்து வருகிறவர்), அல்லது மாநிலச் சட்டப்படி அந்த அதிகாரம் உள்ளவர், சேருகிறோம் என்று அறிவித்து, தகுதியுள்ள அமைப்புகளின் பட்டியலை ஆண்டுதோறும் ஃபெடரல் கருவூலத் துறைக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் உள்ள அமைப்பு அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உதவித்தொகை தரலாம். ஆனால் பணம் கொடுப்பவர் அதே மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை!

இதுதான் விஷயமே. விஸ்கான்சின் ஆளுநர் டோனி எவர்ஸ் தன் மாநிலம் சேராது என்று 2025லேயே சொல்லிவிட்டார். அப்படியே நின்றால், அங்கே இருப்பவர் டெக்சாஸ் அமைப்பு ஒன்றுக்கு 1,700 கொடுத்து முழு கிரெடிட்டும் வாங்கிக்கொள்ளலாம், பணம் டெக்சாஸ் பிள்ளைக்குப் போகும், விஸ்கான்சின் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. அப்புறம், மாநில கஜானாவுக்கு இதில் செலவும் கிடையாது, வருவாய் குறைவது ஃபெடரல் அரசுக்குத்தான். மறுக்கிற ஆளுநர்களுக்கு இது தர்மசங்கடம். தனியார் பள்ளிக்குப் பணம் போனால் அரசுப் பள்ளிகள் இளைக்கும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சேராமல் இருப்பதால் அந்தப் பணம் நின்றுவிடுவதில்லை, வேறு மாநிலத்துக்குப் போகிறது.

அதனால்தான் டிரம்பின் குடியரசுக் கட்சி ஆளுநர்கள் சேருவார்கள், ஜனநாயகக் கட்சி ஆளுநர்கள் மறுப்பார்கள் என்று கட்சிக் கோடு ஒழுங்காக விழவில்லை. கொலராடோவின் ஜாரெட் போலிஸ் ஜனநாயகக் கட்சிக்காரர், சேருகிறேன் என்றார். வட கரோலினாவின் ஜோஷ் ஸ்டைனும் அதே கட்சி. மாநிலத்தைச் சேர்க்கச் சொல்லி வந்த மசோதாவை 2025 ஆகஸ்டில் வீட்டோ செய்தார், அதே மூச்சில் ஃபெடரல் விதிமுறைகள் வந்ததும் சேர்க்கும் எண்ணம் உண்டு என்றும் சொன்னார். நெப்ராஸ்கா இன்னும் வேடிக்கை. தனியார் பள்ளி உதவித்தொகைக்கான மாநிலச் சட்டத்தை 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து ரத்து செய்தார்கள், அடுத்த வருடமே ஆளுநர் ஜிம் பில்லன் இந்த ஃபெடரல் திட்டத்தில் மாநிலத்தைச் சேர்த்துவிட்டார்.

யாருக்குக் கிடைக்கும்? அந்தப் பகுதியின் நடுநிலை வருமானத்தைப் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் சம்பாதிக்கும் அளவு) போல மூன்று மடங்கு வரை வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு. ஏழைகளுக்கான திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், நடுநிலை வருமானம் ஒரு லட்சம் டாலர் என்றால் மூன்று லட்சம் வரை போகலாம், பெரும்பாலான குடும்பங்கள் உள்ளே வந்துவிடும். பள்ளிக் கட்டணம் மட்டுமில்லை, டியூஷன், புத்தகம், சீருடை, போக்குவரத்து, கணினி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சேவைகள் எல்லாம் கணக்கில் வரும், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் வாங்கலாம். வாங்கும் தொகைக்கு ஃபெடரல் வருமான வரி இல்லை. மதப் பள்ளிகளுக்கும் பணம் போகலாம், இதுவும் புதிதில்லை: அரிசோனா 1997லேயே மாநில அளவில் இப்படியொரு கிரெடிட் கொண்டுவந்தது, அதை எதிர்த்த வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றம், அது அரசு கைக்கு வராத பணம், ஆகவே வரி கட்டுவோர் என்ற முறையில் வழக்குப் போட முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது.

"என் பணம் என் பிள்ளைக்கே போகட்டும்" என்று எழுதிக்கொடுக்க முடியாது. அமைப்பு குறைந்தது பத்து மாணவர்களுக்குத் தர வேண்டும், எல்லாரும் ஒரே பள்ளியில் படிப்பவர்களாக இருக்கக் கூடாது, வருமானத்தில் 90 சதவீதத்தை உதவித்தொகைக்கே செலவழிக்க வேண்டும். முந்தைய ஆண்டு வாங்கியவருக்கு முன்னுரிமை, அடுத்து அவருடைய உடன்பிறப்புகளுக்கு.

கொடுக்க நினைக்கிறவர்கள் நான்கு விஷயம் பாருங்கள். 2026ல் கொடுத்தால் கணக்கில் வராது. அமைப்பின் பெயர் ஏதாவது ஒரு மாநிலம் அனுப்பிய பட்டியலில் இருக்க வேண்டும், வெறும் தொண்டு நிறுவனமாக இருந்தால் போதாது. அதே நன்கொடைக்கு மாநில கிரெடிட்டும் வாங்கினால் அந்த அளவு ஃபெடரல் கிரெடிட்டில் குறைந்துவிடும். உங்கள் வரியே 1,700க்குக் கீழே என்றால் மிச்சத்தைப் பணமாகத் திருப்பித் தரமாட்டார்கள், அடுத்த ஐந்து வருடங்களுக்குள் வரும் வரியில் கழித்துக்கொள்ளலாம்.