மலையேற்றமா, வழிநடையா? 'ட்ரெக்கிங்' படும் பாடு

போன தை மாதம் நண்பர்கள் ஆறு பேர், ராமேசுவரம் தீவில் தனுஷ்கோடிக்கு முன்னால் இருக்கும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவு முடிகிற அரிச்சல்முனை வரை கடலோரமாகவே நடந்து போய்வரலாம் என்று பேசி வைத்தோம். அதற்கென வாட்ஸ்அப்பில் குழு தொடங்கிய மதுரைக்காரர் வைத்த பெயர் 'தனுஷ்கோடி மலையேற்றம்'. "ட்ரெக்கிங்குக்குத் தமிழ் அதுதானேப்பா" என்றார். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கரையை அலசினாலும் மலை என்று சொல்ல ஒன்றும் அகப்படாத மாவட்டம் எங்கள் ராமநாதபுரம். கண்ணுக்கு எட்டுகிற உயரமெல்லாம் பனைமரம், கலங்கரை விளக்கம், செல்போன் கோபுரம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவிய 2018இல் செய்தித்தாள்கள் எல்லாம் 'மலையேற்றம்' என்றே எழுதின. 2024இல் வனத்துறை 40 வழித்தடங்களோடு தொடங்கிய ட்ரெக்கிங் திட்டமும் மலையையும் காட்டையும் சார்ந்ததுதான். ஆனால் ட்ரெக் என்ற சொல்லுக்குள் மலை கிடையாது.

டச்சு மொழியில் 'ட்ரெக்கன்' என்றால் இழுத்தல். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில், மாடு பூட்டிய வண்டியில் தட்டுமுட்டுச் சாமானோடு போகும் நெடும்பயணம் 'ட்ரெக்' ஆனது. பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காத இந்தக் குடியேறிகளின் (போயர்கள் என்பார்கள்) குடும்பங்கள் 1830களில் கேப் பகுதியை விட்டு வண்டி வண்டியாக உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. அதற்கு 'மாபெரும் ட்ரெக்' என்றே பெயர். ஆங்கிலம் அங்கிருந்து சொல்லை எடுத்துக்கொண்டது. அதை இமயமலைப் பக்கம் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஜிம்மி ராபர்ட்ஸ். கூர்க்காப் படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1964இல் காத்மாண்டுவில் நடைப்பயண நிறுவனம் தொடங்கி, வெளிநாட்டவரைக் கூடாரம், சுமைதூக்கிகள் சகிதம் மலைப்பாதைகளில் கூட்டிப்போனார். ட்ரெக்கிங் என்றதும் நமக்கு மலை நினைவுக்கு வருவது அந்தப் பழக்கத்தால்தான்.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியரும் அல்லர். 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாணிகம் செய்தவர்கள். 'துட்டு', 'கக்கூஸ்' இரண்டும் அவர்கள் மொழி கொடுத்தவை. ட்ரெக் மட்டும் நேரே வராமல் ஆப்பிரிக்காவையும் இங்கிலாந்தையும் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

ஹைக்கிங்குக்கு இவ்வளவு கதை இல்லை. ஆங்கிலக் கிராமத்துப் பேச்சிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் மேலே வந்த சொல், நெடுந்தூரம் நடப்பது என்று பொருள். 'நெடுநடை' போதும்.

ட்ரெக்கிங்குக்கு நேரான தமிழ் எது? 'கால்நடை' நல்ல சொல்தான். கால்நடையாகப் போனான் என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் தனியே எழுதினால் ஆடுமாடு வந்து நிற்கும். (போயர்களின் மாட்டுவண்டிக்கு வேண்டுமானால் பொருந்தும்.) 'பாதயாத்திரை' வடசொல் என்பதைவிட, அதில் வேண்டுதல் கலந்திருப்பதுதான் சிக்கல், பொழுதுபோக்காக நடப்பவனுக்கு அது கூச்சம் தரும். பழந்தமிழில் 'செலவு' என்றாலே பயணம்தான். தலைவியைப் பிரிய மனமில்லாமல் தலைவன் பயணத்தைத் தவிர்ப்பதற்குச் 'செலவழுங்கல்' என்று துறையே உண்டு. இன்று செலவு என்றால் பணம். வீட்டில் "ஒரு செலவு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் பாருங்கள்.

என் தேர்வு 'வழிநடை'. இது நான் புனைந்த சொல் அல்ல. கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வழியில் எதிர்ப்படும் ஊரையும் சோலையையும் சொல்லிப் பாடும் பாட்டுக்கு வழிநடைச் சிந்து, வழிநடைப் பதம் என்று பெயர். அலுப்புத் தெரியாமலிருக்கப் பாட்டு, பார்த்துக்கொண்டே போவதற்கு ஊர், கூட நாலு பேர். ட்ரெக்கிங் போகிறவர்கள் செய்வதும் இதையேதான். பாட்டு மட்டும் காதுக்குள் மாட்டிக்கொள்ளும் கருவியில் வருகிறது.

இந்தக் கரைக்கு அந்தச் சொல் இன்னும் நெருக்கம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் முன், சேதுவுக்கு, அதாவது ராமேசுவரத்துக்கு, வந்தவர்கள் கரையிலுள்ள மண்டபம் வரை நடந்தோ வண்டியிலோ வந்து, தோணியில் தீவுக்குப் போனார்கள். அவர்கள் தங்க ராமநாதபுரத்து மன்னர்களான சேதுபதிகள் வழிநெடுக சத்திரம் கட்டினார்கள். நாங்கள் நடையைத் தொடங்கிய இடத்துக்கே சத்திரம் என்றுதானே பெயர்.

அடுத்தது பேக்பேக். ஆங்கிலத்திலேயே இளைய சொல், 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவியது. அதற்கு மூத்தது ஜெர்மன் மலைவாசிகளின் 'ருக்சாக்'. ருக்கன் என்றால் முதுகு, சாக் என்றால் பை. 'முதுகுப்பை' அதற்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. பைக்கு அந்தப் பெயரே இருக்கட்டும்.

ஆனால் நாலடியாரில் 'தோட்கோப்பு' என்றொரு சொல் இருக்கிறது. தோளில் கோத்துக்கொண்டு போகும் கட்டுச்சோறு. ஆள் பார்த்துத் திரியும் கூற்றுவன் வருமுன் தோட்கோப்பைத் தேடிக்கொள் என்கிறது பாட்டு; அங்கே அது அறத்துக்கு உவமை. பழமொழி நானூற்றில் 'ஆற்றுணா'. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. (எங்கள் பக்கம் ஆறு என்பது பெரும்பாலும் வழியாகத்தான் கிடக்கிறது. வைகை பல வருடம் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டுவதில்லை.) ருக்சாக் என்ற பெயர் பை எங்கே தொங்குகிறது என்று சொல்கிறது. நம் பழஞ்சொற்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கின்றன. சுமையோடு மணலில் இறங்கினால் இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்று புரியும்.

மணல் நடை ஆளை உறிஞ்சிவிடும். கெட்டித் தரையில் நடப்பதைவிட இருமடங்குக்கு மேல் ஆற்றல் தேவை என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். மலைக்குக் கட்டுகிற சுமையை இங்கே கட்டக்கூடாது. நான் துணியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவேன். அரை நாளுக்கு ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கட்டும். இடுப்புப் பட்டையை இறுக்கினால் தோள் பிழைக்கும். சோறு என்றால் புளிச்சோறு, வெயிலுக்குக் கெடாது. வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டித் துண்டு. திரும்பி வந்ததும் பையை நல்ல தண்ணீரில் அலச மறந்தேன். உப்புக் காற்று ஜிப்பைத் தின்றுவிட்டது. இப்போது அந்தப் பையில் தேங்காய் கிடக்கிறது.

தண்ணீருக்கு இங்கே இன்னொரு சொல் தெரிந்திருக்க வேண்டும்: ஊத்து. தனுஷ்கோடி மணலில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குழி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது, அதனால் மணலுக்கடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலோ அவசரமாக இறைத்தாலோ உப்பு ஏறிவிடும். சிரட்டையால் மெல்ல மொள்வது அதனால்தான். அது குடியிருப்பவர்கள் வைத்திருக்கும் ஊத்து. கேட்டுக் குடிக்க வேண்டும், கைகால் கழுவக் கூடாது.

எங்களை வழியில் நிறுத்தியவர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். முதுகில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மூட்டை முடிச்சோட? ஊரை விட்டே கெளம்பிட்டியளா?" என்றார். மதுரைக்காரர் ட்ரெக்கிங் என்றார். பெரியவருக்குப் புரியவில்லை. "நடையாப் போயிட்டு வாறோம்யா" என்றேன். "அப்படிச் சொல்லு. பொதமணல்ல நடக்காத, அலை நனைச்ச எடத்துலயே போ. போறப்ப காத்து மூஞ்சில அடிக்கணும், வாறப்ப முதுகுல தள்ளணும்."

அந்த ஒரு வரியில் பாதி வழிகாட்டி அடக்கம். ஈர மணல் கெட்டி, காலை வாங்காது. கால் ஓயுமுன் எதிர்க்காற்றை முடித்துக்கொள்வதும் சரியான கணக்கு. மாதத்தைப் பார்த்தால் தையும் மாசியும் தோதானவை. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். விடியுமுன் கிளம்பி ஒன்பது மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். சாலை வழியே போனால் சத்திரத்திலிருந்து முனை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர், அதில் நிழல் அநேகமாக இல்லை. பொழுது சாய்ந்தபின் அங்கே தங்கவும் விடமாட்டார்கள்.

தனுஷ்கோடியில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆண்கடலில் அலை, முனையில் இழுப்பு; இரண்டிலும் குளிக்க இறங்காதீர்கள். பெண்கடல் முழங்கால் ஆழத்தில் சாந்தமாகத்தான் இருக்கும், ஆனால் மணலுக்குள் வாலில் முள்ளுள்ள திருக்கை மீன் பதுங்கியிருக்கலாம். காலைத் தூக்கி வைத்தால் அதன்மேல் மிதித்துவிடுவோம். பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து நடந்தால் அதிர்வுக்கு அது விலகிப் போய்விடும். முள் ஏறிவிட்டால் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் காலை வைத்திருந்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ட்ரெக்கன் என்றால் இழுத்தல் என்றேனே, அந்த மூலப்பொருள் சற்றும் பிசகாமல் பொருந்திய இடம் அந்த முழங்கால் தண்ணீர்தான். பெரியவர் வலையை இழுத்தார், நாங்கள் காலை இழுத்தோம்.

திரும்பி வந்த இரவு குழுவின் பெயரைச் 'சேது வழிநடை' என்று மாற்றினேன். மதுரைக்காரர் விடவில்லை: "அப்போ மலையே கிடையாதா?" ராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறது, தீவிலேயே உயரமான இடம், ராமர் பாதம் பார்க்கலாம் என்று பதில் போட்டேன். மறுநாள் காலை அந்த மணல்மேட்டுப் படிகளில் ஏறி நின்று படம் எடுத்து அனுப்பினார். கீழே எழுதியிருந்தார்: 'மலையேற்றம். மூன்று நிமிடம்.'