மாருதி 800 வாங்கப் போகிறீர்களா? முதலில் தகரத்தைப் பாருங்கள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் பழைய மாருதி 800-ஐத் தேடுபவர்கள் கூடிவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் போன் வருகிறது: "அண்ணே, அப்பா ஓட்டுன வண்டி கொட்டகையில கெடக்கு, ஓட வச்சுக் குடுங்க." நான் முதலில் கேட்பது, "எந்த 800 தம்பி?" என்றுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் மூன்று வேறு வண்டிகள் இருக்கின்றன.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி சாவி கொடுத்துத் தொடங்கி வைத்தது எஸ்.எஸ். 80. சுசுகியின் ஃப்ரான்டே காரை ஒட்டிய பெட்டி உடம்பு, 796 சிசி, மூன்று சிலிண்டர், பின்னால் பட்டை ஸ்பிரிங். 1986-இல் வந்த எஸ்.பி. 308-இன் உடம்பே வேறு; பின்னால் சுருள் ஸ்பிரிங். 800 என்றதும் நம் கண்ணில் வருவது இதுதான். 2000 வாக்கில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. அப்போது 45 குதிரைத்திறனோடு ஐந்து கியர் வண்டி ஒன்றும் விற்றார்கள். ஓட்டுவதற்கு அருமையான வண்டி, கிடைத்தால் விடாதீர்கள். 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது.

எஸ்.எஸ். 80-ஐ ஆசைக்காக வாங்கலாம், தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். ஆரம்பத்தில் பெரும்பாலான பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. அதன் கதவோ விளக்கோ பின்னால் வந்த வண்டியிலிருந்து கழற்றிப் போட்டால் பொருந்தாது. ஒரு பாகம் குறைந்தாலும் மாதக்கணக்கில் அலைய வேண்டும். எல்லாம் உடம்பில் இருந்தால் மட்டும் விலை பேசுங்கள்.

"கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கார்புரேட்டர் வண்டியை எந்த ஊர் மெக்கானிக்கும் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து சரி செய்துவிடுவார். ஆனால் இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய், கேஸ்கெட், டயாஃப்ரம் எல்லாம் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி வெடித்துக் கசியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு ஊர் வந்து ஸ்டார்ட் செய்கிற வண்டியில், டேங்கின் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். வண்டியை விட்டுப் போகும்போது டேங்கைக் காலி செய்யுங்கள், குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். பெட்ரோல் குழாய் கசிந்தால் தீப்பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

எம்.பி.எஃப்.ஐ.யில் பெட்ரோல் அளவைச் சென்சாரே சரி பார்த்துக்கொள்ளும். அதற்குப் பகை எலி. அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்ட வீட்டில், போருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஒயரைக் கடித்துவிட்டால் எங்கே அறுந்தது என்று தேடவே ஒரு நாள் போய்விடும். மழைக்காலத்தில் வண்டிக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், எந்த மாடலானாலும் சாவியைத் திருகிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இத்தனை சொன்னாலும், டெல்டாவில் இஞ்சினை வைத்து வண்டி வாங்காதீர்கள். இஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம். அரித்துப்போன உடம்பை ஒன்றும் செய்ய முடியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. உள்ளே வந்தால் வயல் சேறு சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டு ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் காயாமலே இருக்கும். கார்பெட்டைத் தூக்கித் தரையை விரலால் அழுத்திப் பாருங்கள். பானெட்டைத் திறந்து முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து உட்காரும் இடம், பின் ஸ்பிரிங் உட்காரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், கதவின் அடி விளிம்பு, எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கையில் ஒரு காந்தம் இருக்கட்டும்: ஒட்டாத இடத்தில் ஓட்டையை மறைக்கத் தகரத்தின் மேல் பட்டி (பூச்சு மாவு) தடிமனாக அடித்திருக்கிறது. 2018 கஜா புயலில் மரம் விழுந்து கூரை நசுங்கி, தட்டி நிமிர்த்தப்பட்ட வண்டிகளும் கைமாறுகின்றன. நான்கு கதவும் ஒரே இடைவெளியோடு மூடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த 800-லும் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் வேகம் போகும் வண்டி இல்லை இது. மிகப் பழைய வண்டியாக இருந்தால் சீட் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாட்டாமல் வெளியே எடுக்காதீர்கள்.

பேப்பர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து, ஐந்தைந்து ஆண்டாக ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். பல வண்டிகளில் மாருதியின் ஆம்னி வேன் இஞ்சினை ஏற்றியிருப்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, எண்தான் காட்டிக்கொடுக்கும். இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பவர், "அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மாத்திக்கலாம்" என்பார். அவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றிய பிறகு பணம் கொடுங்கள்.